ஒரே அச்சுக்கு முன்பு: பழைய சாக்ஸபோன்களின் மயக்கம்

(இசை ரசிகர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பழைய சாக்ஸபோன் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால், ஐந்தாவதாக ஒரு கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரான்சில் பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகள் மலைமலையாகக் குவிந்து கிடந்தனவாம். பாரிஸ் செல்மர் கம்பெனி அவற்றை வாங்கி உருக்கித் தகடாக்கி, மார்க் சிக்ஸ் என்ற சாக்ஸபோனைச் செய்ததாம். அந்தப் பித்தளை இனிக் கிடைக்காதாம். ஆகவே அந்த நாதமும் இனிக் கிடைக்காதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆளைக் கொன்ற உலோகம் பாட வந்துவிட்டது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நம்பத்தக்க ஆதாரம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. மார்க் சிக்ஸ் வெளிவந்தது 1954இல், போர் முடிந்து ஒன்பது வருஷம் கழித்து. அதன்பின் ஏறத்தாழ இருபது வருஷம் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை வருஷமும் குண்டு உறைகளே வந்துகொண்டிருந்தன என்றால், போர் நடந்த காலத்தைவிட முடிந்த காலத்தில்தான் அதிகம் சுட்டிருக்க வேண்டும்.

மயக்கத்தைக் கலைக்க நான் இங்கே வரவில்லை. எனக்கும் அந்த நோய் உண்டு. மேஜைமேல் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. பெரியதைத் திறந்தால் முன்வரிசைக்கு வாசனையே சொல்லிவிடும்: பூஞ்சணம் பிடித்த வெல்வெட், கார்க்குக்குப் பூசும் கிரீஸ், யாரோ எப்போதோ பிடித்த சிகரெட். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மயக்கம் நியாயமானது, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தப்பு. பித்தளையில் ரகசியம் ஏதும் இல்லை. அந்தக் காலத்துக் கம்பெனிகள் சாக்ஸபோன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அப்போது இன்னும் ஒத்துப்போயிருக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் வாதத்தை உலோகத்தில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பழைய வாத்தியத்தை எடுத்து ஊதுகிறவர், பெரும்பாலும், தோற்றுப்போன ஒரு கட்சியின் வாதத்தை எடுத்து ஊதுகிறார்.

முதலில் உலோகத்தைப் பேசி முடித்துவிடுவோம். வயலின், வீணை மாதிரியான வாத்தியங்களில் மரப்பலகைதான் அதிர்ந்து காற்றை அசைக்கிறது. ஆகவே மரம் எது, வயது என்ன என்பதெல்லாம் அங்கே பெரிய கேள்விகள். சாக்ஸபோனில் அதிர்வது குழாய்க்குள் இருக்கும் காற்று. ரீட் துடித்து அந்தக் காற்றைக் கிளப்பிவிடுகிறது. குழாயின் வேலை அந்தக் காற்றுக்கு ஒரு வடிவம் கொடுத்து நிற்பது. ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் 1971இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் உள்ளளவு மாறாமல் புல்லாங்குழல் செய்து, திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொன்னார். கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எடையை வைத்துக் கண்டுபிடித்துவிடாதபடி ஏற்பாடு செய்திருந்ததால், வாசித்தவர்களுக்கும் தெரியவில்லை. அது புல்லாங்குழல், இது சாக்ஸபோன் என்று வாதாடலாம். வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளியில் கழுத்தும் மணிவாயும் செய்து கூடுதல் விலைக்கு விற்ற கம்பெனிகளும் உண்டு. என் காதுக்கு அந்த வெள்ளி பட்டதைவிட, அதை வாங்கியவரின் முகத்தில் பட்டதுதான் அதிகம்.

ஆனால் குழாயின் வடிவம் மாறினால் எல்லாமே மாறும். கூம்பு எந்த விகிதத்தில் விரிகிறது, கழுத்து எவ்வளவு அகலம், துளைகள் எங்கே, எவ்வளவு பெரிது, துளையை மூடும் பேட் திறக்கும்போது அதற்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது: ஒவ்வொன்றும் நாதத்தைத் தொடும். பழைய சாக்ஸபோன்கள் வேறு மாதிரி ஒலிப்பது கற்பனை இல்லை. அவை வேறு வடிவத்தில் இருக்கின்றன, அதனால் வேறு மாதிரி ஒலிக்கின்றன.

இந்த வடிவத்தைக் கனவு கண்டவர் அடால்ஃப் சாக்ஸ். பெல்ஜியத்தின் டினான் ஊரில் 1814இல் பிறந்தார். பித்தளை வாத்தியத்தின் பலம், மர வாத்தியத்தின் சுறுசுறுப்பு, இரண்டும் ஒரே குழாயில் வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பாரிஸில் 1846இல் காப்புரிமை வாங்கினார். போட்டிக் கம்பெனிகள் வழக்குமேல் வழக்குப் போட்டன, மூன்று முறை திவாலானார், 1894இல் இறந்தார். வாத்தியத்துக்கு அப்போதும் ஒரு நிலையான வீடு அமையவில்லை. ராணுவ பேண்டுகளில் இருந்தது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் விருந்தாளியாக எப்போதாவது கூப்பிட்டார்கள்.

வீடு கிடைத்தது அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் என்ற சின்ன ஊரில். சார்லஸ் ஜெரார்ட் கான் என்ற கார்னெட் வாசிப்பவர் ஒரு சண்டையில் உதடு கிழிந்துபோய், வலிக்காமல் ஊதுவதற்காக விளிம்பில் ரப்பர் வைத்த மவுத்பீஸ் ஒன்றைச் செய்தார். அது விற்றது. அதிலிருந்து தொழிற்சாலை வந்தது. பிற்பாடு ஊருக்கு மேயரானார், நாடாளுமன்ற உறுப்பினருமானார். கிழிந்த உதட்டுக்கு இவ்வளவு பலன் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஃபெர்டினாண்ட் புஷர்தான், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவில் சாக்ஸபோன் செய்யத் தொடங்கியவர். பிறகு அவர் தனியாகப் போய்த் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார். அதே ஊரில் மார்ட்டின் கம்பெனி. ஓஹையோவின் கிளீவ்லாண்டில் எச். என். வைட் நடத்திய கம்பெனி, கிங் என்ற பெயரில் விற்றது. 1920களில் அமெரிக்காவுக்குச் சாக்ஸபோன் பைத்தியம் பிடித்தபோது, அதற்குத் தீனி போட்டவர்கள் இவர்கள்.

பைத்தியம் என்று சும்மா சொல்லவில்லை. சிக்ஸ் பிரவுன் பிரதர்ஸ் கோமாளி வேஷத்தில் ஆறு சாக்ஸபோன்களோடு மேடை ஏறினார்கள். ரூடி வீடாஃப்ட் வாசித்த வேகத்தைக் கேட்டு ஊர் ஊராகப் பையன்கள் கடைக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரத்தில் ஸ்வர வரிசை வந்துவிடும், தொண்ணூறு நாளில் பேண்டில் இடம் கிடைக்கும் என்று புஷர் விளம்பரம் செய்தது. இன்றைக்கு முப்பது நாளில் இங்கிலீஷ் என்று போடுகிறார்களே, அவர்களுக்கு முன்னோடி.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த நான்கு கம்பெனிகளும் ஒரே பொருளை விற்கவில்லை. கேஸைத் திறந்து பார்த்தால் எல்லாம் சாக்ஸபோன்தான். உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு கொள்கைகள்.

துளையை எடுத்துக்கொள்ளுங்கள். கான் கம்பெனி குழாயின் பித்தளையையே வெளியே இழுத்து, அதன் விளிம்பை வட்டமாகச் சுருட்டிவிடும். சுருட்டிய விளிம்புமேல் பேட் உட்காரும்போது பரப்பு அதிகம், தோலை அறுக்காது, காற்றுப் புகாமல் அடையும் என்பது அவர்கள் வாதம். மார்ட்டின் கம்பெனி இதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. துளை வளையங்களைத் தனியாகச் செய்து, விளிம்பைச் சாய்வாகச் சீவி, குழாயில் ஈயப் பற்று வைத்து ஒட்டியது. புஷருக்குத் துளையைவிட பேட் முக்கியம். பேட்டை அரக்கு வைத்து ஒட்டுவது காட்டுமிராண்டித்தனம் என்று நினைத்தார்களோ என்னவோ, நடுவில் ஓட்டை போட்டு உலோகப் பொத்தானால் அழுத்திப் பூட்டினார்கள். பேட் தேய்ந்தால் பொத்தானைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ஸ்பிரிங்கையும் அப்படியே திருகிக் கழற்றும்படி வைத்தார்கள். கான் ஆல்ட்டோக்களின் கழுத்தில் திருகு வளையம் ஒன்று இருக்கும். சுருதி சேர்க்க மவுத்பீஸை முன்னும் பின்னும் தள்ள வேண்டாம், வளையத்தைத் திருகினால் போதும்.

இத்தனையும் நல்ல யோசனைகள்தானா? என் கணக்கில் பாதிக்கு மேல் நல்லவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயோதிக நோய் உண்டு. சுருட்டிய விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டால், சாதாரணத் துளையைப் போல அரம் போட்டுச் சமப்படுத்த முடியாது. அரம் போட்டால் சுருளே போய்விடும். மார்ட்டினின் ஈயப் பற்று எழுபது எண்பது வருஷத்தில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத கசிவு வரும். புஷரின் பொத்தானைப் புரிந்துகொள்ளாத ரிப்பேர்காரர், அது மாட்டும் குமிழைத் தேய்த்துத் தள்ளிவிட்டுச் சாதாரண பேட்டை ஒட்டிக் கொடுத்துவிடுவார். தேய்த்தது தேய்த்ததுதான்.

இந்தத் தோற்ற கட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சி மெலடி. ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் நடுவே உள்ள அளவு. ஆல்ட்டோவும் டெனரும் எழுதியிருக்கும் ஸ்வரத்துக்கு வேறு ஸ்வரம் ஒலிக்கும் வாத்தியங்கள்; அவற்றுக்கான இசைக்குறிப்பைத் தனியாக எழுத வேண்டும். சி மெலடியில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக் கூடத்தில் அக்கா பியானோ வாசிக்கும்போது, தம்பி அவள் தோளுக்குப் பின்னால் நின்று, அதே தாளைப் பார்த்து வாசிக்கலாம். வானொலி வீட்டுக்கு வீடு நுழையாத காலத்துக்கு ஏற்ற வாத்தியம். ஏராளமாகச் செய்தார்கள், ஏராளமாக விற்றார்கள். 1929இல் பங்குச் சந்தை விழுந்தது, வானொலி வந்தது, சி மெலடி பரணுக்குப் போனது. மேஜை விளக்காக மாற்றப்பட்டவைகூட உண்டு, மணிவாயில் பல்பு சொருகி.

ஆனால் பரணுக்குப் போகும் முன்பு அது ஒரு காரியம் செய்துவிட்டது. ஃபிராங்கி டிரம்பாவர் என்பவர் 1927இல், கார்னெட் மேதை பிக்ஸ் பைடர்பெக்கோடு சேர்ந்து ‘சிங்கிங் த புளூஸ்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அவர் வாசித்தது சி மெலடி. அடித்து முழக்காமல், பேசுவதுபோல வாசிப்பார். அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களில் லெஸ்டர் யங் ஒருவர். டெனர் வாசிக்கும்போது சி மெலடியின் நாதத்தைத்தான் கொண்டுவரப் பார்த்தேன் என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் டெனர் என்றால் கோல்மன் ஹாக்கின்ஸ். தடித்த, கனத்த, அறையை நிறைக்கும் குரல். அதற்கு எதிரே லெஸ்டர் கொண்டுவந்தது எடையில்லாத ஒரு குரல். அதன் பின்னால் ஒரு பரம்பரையே வந்தது. சந்தையில் தோற்ற ஒரு வாத்தியம் இன்னொரு வாத்தியத்துக்குள் புகுந்து வாழ்ந்திருக்கிறது. பித்தளை எங்கிருந்து வந்தது என்ற கதையைவிட இது எனக்குப் பெரிய கதையாகத் தெரிகிறது.

இப்போது விரல்களைப் பற்றி. பழைய வாத்தியத்தை முதல்முறை எடுப்பவர் நாதத்தை ரசிப்பதற்கு முன்னால் இடது கைச் சுண்டுவிரலைச் சபிப்பார். ஜி ஷார்ப், சி ஷார்ப், பி, பி ஃபிளாட் நான்கும் அந்த ஒரு விரலின் பொறுப்பு. 1920களின் வாத்தியத்தில் அந்தக் கீகள் கனமாக, எட்டாமல், வழுக்காமல் இருக்கும். மணிவாயின் பெரிய பேட்களை இழுக்க வேண்டிய கம்பிகள் கோணலாகப் போவதால் அவ்வளவு பலம் கேட்கும். இந்தக் கஷ்டத்தை உண்மையாகவே தீர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஆன்ரி செல்மரின் கம்பெனி 1922இல்தான் சாக்ஸபோன் செய்ய ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் அடால்ஃப் சாக்ஸின் குடும்பப் பட்டறையையே வாங்கிவிட்டது. 1930களின் நடுவில் அவர்கள் கொண்டுவந்த பேலன்ஸ்டு ஆக்ஷன் மாடல், மணிவாயின் கீகளை வலது பக்கம் கொண்டுபோய், கம்பிகளை நேராக்கிச் சுமையைக் குறைத்தது. போருக்குப் பின் வந்த சூப்பர் பேலன்ஸ்டு ஆக்ஷனில், ஒரே நேர்கோட்டில் இருந்த துளைகளை இடது கைக்கும் வலது கைக்கும் தகுந்தபடி சற்றுத் திருப்பி வைத்தார்கள். 1954இல் மார்க் சிக்ஸ். விரல் தானாகப் போய் உட்காரும். வேகமாக வாசிக்க வேண்டிய காலமும் அதுதான்.

அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் அரசாங்கம் வாத்திய உற்பத்தியை நிறுத்தச் சொன்னதால், 1942 முதல் கான் தொழிற்சாலை விமானத்துக்கும் கப்பலுக்கும் வேண்டிய அளவுக் கருவிகளைச் செய்தது. திரும்பி வந்தபோது பள்ளிக்கூட பேண்டுகள்தான் பெரிய வாடிக்கை. சுருட்டிய விளிம்பு 1940களின் கடைசியில் நின்றது. 1963இல் புஷரை அமெரிக்க செல்மர் வாங்கியது. மார்ட்டினும் கிங்கும் கை மாறின. கானின் சாக்ஸபோன் வேலை 1960களில் எல்கார்ட்டை விட்டு மெக்சிகோ எல்லைக்குப் போனது.

அதற்குப் பின் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஜப்பானில் யமஹாவும் யனகிசாவாவும், பிறகு தைவானின் ஹோலி ஊரிலுள்ள பட்டறைகளும் சாக்ஸபோன் செய்ய வந்தபோது, அவர்கள் முன்னால் வைத்துக்கொண்டது மார்க் சிக்ஸைத்தான். சுருதியைத் திருத்தினார்கள், கீ வேலையை இன்னும் துல்லியமாக்கினார்கள். அடிப்படை அமைப்பு அதேதான். ஆகவே இன்றைக்குக் கடையில் புதிதாக வாங்கும் சாக்ஸபோன், எலும்புக்கூட்டளவில், 1954இன் சாக்ஸபோன். பழையது புதியது என்று நாம் போடும் கோடே சரியில்லை. விவாதம் முடிவதற்கு முன்பு செய்தவை, முடிந்த பின்பு செய்தவை என்று பிரித்தால்தான் பொருந்தும். அந்தக் கணக்கில் மார்க் சிக்ஸ் பழைய வாத்தியங்களில் கடைசி இல்லை, புதியவற்றில் முதலாவது.

இதைச் சொன்னால் மார்க் சிக்ஸ் பக்தர்கள் கோபப்படுவார்கள். அவர்களுக்குள் ஐந்து இலக்கக் கட்சி ஒன்று உண்டு. வரிசை எண் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் அது தேவ வாத்தியம், மேலே போனால் சும்மா வாத்தியம். ஜாஸ் வாசிப்பாளர் மைக்கேல் பிரெக்கரின் டெனர் எண்பத்தாறாயிரத்துச் சொச்சம் என்பதால் அந்த எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் வருபவற்றுக்கு விலை ஏறுகிறது. வேடிக்கை என்னவென்றால், மார்க் சிக்ஸ் ஒரே வடிவம் இல்லை. ஆல்ட்டோவின் அடிவளைவை மட்டுமே நீட்டினார்கள், குறைத்தார்கள், மறுபடி மாற்றினார்கள். அமெரிக்காவில் விற்றவை பாகங்களாக எல்கார்ட்டுக்குப் போய், அங்கே பூட்டி, பூ வேலை செதுக்கி, அரக்குப் பூசி வந்தவை. அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு, அண்ணன் தம்பிபோல வேறு வேறாக இருக்கலாம். எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் ஜாதகம் பார்த்துச் சம்பந்தம் பேசுகிறார்; பெண்ணைப் பார்க்கவில்லை.

பெயர்களிலும் இந்த மயக்கம் உண்டு. 1920களின் கான் டெனர் ஒன்றைச் சந்தையில் ‘சூ பெரி’ என்பார்கள், கேப் கேலவே குழுவில் வாசித்த டெனர்காரர் சூ பெரியின் பெயரால். அந்த மனிதர் வாசித்தது அதற்கு அடுத்த தலைமுறைக் கான். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, விலையும்.

வாசித்தவர்களும் வாத்தியத்தைப் பார்த்த விதம் ஒரே மாதிரி இல்லை. பென் வெப்ஸ்டர் 1938இல் கிடைத்த செல்மர் டெனரை 1973இல் இறக்கும்வரை விடவில்லை. அதன்பின் யாரும் அதை வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அது நியூ ஜெர்சியில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு மையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அவர் வாசித்த மெதுவான பாட்டுகளைக் கேட்டிருக்கிறவர்களுக்குத் தெரியும்: ஸ்வரம் முடிந்த பிறகும் காற்று மட்டும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கும். அந்த வாத்தியம் இல்லாமல் அது வந்திருக்காது என்று நம்பத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் மறுபக்கம் சார்லி பார்க்கர் இருக்கிறார்.

லண்டனில் ஹெக்டர் சொமருகா என்ற இத்தாலியர் கிராஃப்டன் என்ற பெயரில் ஒரு ஆல்ட்டோ செய்தார். உடம்பு முழுக்கப் பாலாடை நிறத்து பிளாஸ்டிக். 1950இல் சந்தைக்கு வந்தது. பித்தளையைவிட மலிவு, கீழே விழுந்தால் உடையும், கீ மேல் கை வைத்தால் பொம்மைபோல இருக்கும். 1953 மே 15 அன்று டொரொண்டோவின் மாஸி ஹாலில், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஆகியோரோடு பார்க்கர் மேடையேறியபோது அவர் கையில் இருந்தது அந்த பிளாஸ்டிக்தான். பதிவு இன்றும் கிடைக்கிறது. கேட்டுப் பாருங்கள். பார்க்கர் பார்க்கராகத்தான் ஒலிக்கிறார். பீரங்கிப் பித்தளை பக்தர்கள் இந்தப் பதிவைப் பற்றிப் பேச மாட்டார்கள். 1994இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்த வாத்தியம் 93,500 பவுனுக்குப் போனது; இப்போது கான்சாஸ் சிட்டியின் ஜாஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த 1950களிலேயே ஆர்னெட் கோல்மன், நல்ல பித்தளை வாங்கக் காசில்லாமல் கிராஃப்டன் வாங்கினார். பிறகு அதன் குரல் பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டு ஜாஸ் உலகத்தைக் கலக்கினார்.

அப்படியானால் வாத்தியம் ஒரு பொருட்டே இல்லையா? கேட்கிறவருக்கு அவ்வளவாக இல்லை, வாசிக்கிறவருக்கு உண்டு. இதைத்தான் விற்பனைக்காரர்கள் சொல்வதில்லை. நல்ல வாசிப்பாளர் எந்தக் குழாயைக் கொடுத்தாலும் தன் காதில் இருக்கும் குரலைத்தான் கடைசியில் வெளியே கொண்டுவருவார். அந்தக் குரலுக்குப் போகும் வழியில் வாத்தியம் எவ்வளவு ஒத்துழைக்கிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதுதான் வேறுபடும். இன்றைய வாத்தியங்களில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பள்ளம் இருப்பதுபோல. ஊதினால் அதில் போய் விழும். சுருதி பிசகாது. 1920களின் கான், புஷர் டெனர்களில் அந்தப் பள்ளம் ஆழமில்லை. ஸ்வரம் வழுக்கும். உதட்டாலும் தொண்டையாலும் பிடித்து நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரிந்தவர், வேண்டிய இடத்தில் வழுக்கவும் விடலாம். சோம்பேறிக்கு இது குறை. காது உள்ளவருக்கு இது இடம்.

நம் ஊர்க் காதுக்கு இது புரியும். இந்த அரங்கில் பலருக்குச் சாக்ஸபோன் முதலில் அறிமுகமானது 1994இல் வந்த ‘டூயட்’ படத்தில், கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பில்தான் இருந்திருக்கும். மைசூர் அரண்மனை பேண்டில் இந்த வாத்தியத்தைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர் அவர். வீட்டில் நாகஸ்வரம். கூம்புக் குழாயும் ரீடும் இரண்டுக்கும் பொது; ஆனால் சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதில்லை, நடுவே கீயும் பேட்டும் நிற்கின்றன. நாகஸ்வரத்தில் விரல் செய்யும் வேலையின் பெரும்பகுதியை இங்கே உதடும் காற்றும் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்வரம் பள்ளத்தில் விழாமல் வழுக்கிச் செல்வது எவ்வளவு பெரிய வசதி என்று கமகம் வாசிப்பவரிடம் விளக்க வேண்டியதில்லை. கர்நாடக இசை வாசிக்க விரும்பும் இளைஞர்கள் ஒருமுறையாவது அந்தக் காலத்துக் குழாயை ஊதிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

மவுத்பீஸைப் பற்றிச் சொல்லாமல் போனால் யாராவது பழைய வாத்தியம் வாங்கி என்னைத் திட்டுவீர்கள். அந்தக் காலத்து மவுத்பீஸின் உள்ளறை பெரியது, உருண்டையானது. குழாயை அதற்கு ஏற்றபடிதான் கணக்குப் போட்டிருந்தார்கள். சிகர்ட் ராஷர் என்ற செவ்வியல் வாசிப்பாளர், அடால்ஃப் சாக்ஸ் வைத்த அளவை விடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். புஷர் வாத்தியமும் பெரிய உள்ளறை மவுத்பீஸும்தான் அவர் ஆயுதம். இன்று கூர்மையான சத்தத்துக்காகச் செய்யும் குறுகிய உள்ளறை மவுத்பீஸை அதில் மாட்டினால், மேலே சுருதி ஏறும், கீழே பி ஸ்வரம் மோட்டார் படகைப்போலத் தடதடக்கும். வாத்தியம் கெட்டுவிட்டது என்று விற்றுவிடுகிறார்கள். ரிப்பேர்காரர்களுக்குத் தெரிந்த ஒரு வைத்தியம் உண்டு: மணிவாய் வழியாக ஒரு ஒயின் கார்க்கை உள்ளே போடுவது. அது அடிவளைவில் போய்க் கிடந்து, அங்கே காற்று நிறையும் இடத்தைச் சற்றுக் குறைக்கும், தடதடப்பு நின்றுவிடும். இயற்பியல் தெரிந்தவர்களும் இதைத் தவறு என்று சொல்வதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. முதலாவது சுருதி. முதல் உலகப் போர் வரைக்கும் அமெரிக்க பேண்டுகளில் இரண்டு சுருதி நடைமுறையில் இருந்தது. இன்றைய ஏ 440 ஒன்று. 457 என்ற உயர் சுருதி இன்னொன்று. உயர் சுருதி வாத்தியங்களை வரிசை எண்ணுக்கு அருகே எச் என்ற எழுத்து காட்டிக் கொடுக்கும். பார்க்க அழகாக, மலிவாக இருக்கும். மவுத்பீஸை வெளியே இழுத்துச் சரி செய்துகொள்ளலாம் என்று விற்பவர் சொல்வார். ஒரு ஸ்வரம் சரியாகும், மற்றவை சிதறும். குழாயின் விகிதமே வேறு. அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

இரண்டாவது பளபளப்பு. எழுபது வயது வாத்தியம் புதுப் பாத்திரம்போல மின்னினால் சந்தேகப்படுங்கள். பழைய அரக்கை எடுக்க இயந்திரத்தில் தேய்க்கும்போது, செதுக்கிய பூ மழுங்கும், துளை விளிம்பிலிருந்தும் உலோகம் போகும். தோல் உரிந்து, பழுப்பேறி, இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சிவந்த புள்ளியோடு இருப்பது பெரும்பாலும் மேல். இந்தப் பழுப்புக்கே இப்போது மவுசு வந்துவிட்டது. தைவானில் புதிதாகச் செய்து, ரசாயனத்தால் பழுப்பேற்றி, பழமைத் தோற்றத்தோடு விற்கிறார்கள். சுருட்டிய விளிம்பும் வைத்துத் தருகிறார்கள். நான் முதலில் சிரித்தேன். வாசித்துப் பார்த்தபின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தோற்ற கட்சியின் ஒரு வாதத்தை எண்பது வருஷம் கழித்து யாரோ மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். பழுப்பு வேஷம் இல்லாமலே பார்த்திருக்கலாம்.

பணம் எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். மார்க் சிக்ஸை மறந்துவிடுங்கள். அது சேமிப்பவர்களின் பொருளாகிவிட்டது. எல்லோரும் ஒதுக்கும் சி மெலடி இன்னும் மலிவு. ஆனால் எந்தப் பழைய சாக்ஸபோனுக்கும் வாங்கிய விலை பாதி விலைதான். பேட் எல்லாம் மாற்றி, கார்க் ஒட்டி, ஸ்பிரிங் போட்டு, தேய்ந்த கீக்களின் ஆட்டத்தை எடுத்து முடிக்க இன்னொரு பாதி ஆகும். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் ஸ்பிரிங் துருப் பிடிக்கும், பேட் ஊறும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் இருட்டறையில் குழாய்க்குள் சிறு விளக்கை விட்டு, கீக்களை மெதுவாக மூடிப் பாருங்கள். எந்தப் பேட்டின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதோ அங்கே காற்றும் கசியும்.

இப்போது பெட்டிகளைத் திறக்கிறேன். பெரியது 1920களின் கான் டெனர், சிறியது போன வருஷம் செய்த ஆல்ட்டோ. ஒரே ராகத்தை இரண்டிலும் வாசிக்கிறேன். டெனரில் கீழ் பி தடதடத்தால் முன்வரிசையில் யாரிடமாவது கார்க் இருக்கிறதா என்று கேட்பேன். பிறகு மேடைக்கு வந்து நீங்களே ஊதிப் பார்க்கலாம். ரீட் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்.